விட முடியாதவரின் பணம்

கையில் இரண்டு நான்கு வந்திருக்கிறது. ஹோல்டம் போக்கர் ஆடுகிறவரை இந்த அளவுக்கு இழுபறியில் வைக்கும் கை வேறு குறைவு. ஜோடி என்பதால் தூக்கிப் போட மனம் வராது. சின்னது என்பதால் நம்பி இறங்கவும் முடியாது. மேஜை நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டுகள், மீதமுள்ள 50 சீட்டுகளிலிருந்து 19,600 விதங்களில் வரலாம். அவற்றில் நான்கைத் தாண்டிய சீட்டு ஒன்றுகூட இல்லாதவை வெறும் 120. அதாவது ஏறக்குறைய எப்போதுமே யாராவது ஒருவரிடம் இதைவிடப் பெரிய ஜோடி இருக்கக்கூடும் என்ற பயத்தோடுதான் நான்கு ஜோடிக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றக்கூடியது மூன்றாவது நான்கு. அது அந்த 19,600இல் 2,304 விதங்களில் வந்து சேரும். எட்டரைக்கு ஒரு தடவை.

இந்த எட்டரைக்கு ஒன்றை நம்பி எவ்வளவு பணம் போடலாம் என்பதுதான் சின்னத் தொகை மேஜைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. கணக்காகப் பார்த்தால் எளிய கேள்வி. ஆனால் ஆம்பூர் பக்கம் சில மேஜைகளின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, அந்தக் கணக்கின் அடியில் வேறொன்று இருப்பது எனக்கு உறைத்தது. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நம்மூர்க்காரர் இந்த ஜோடியைப் பார்க்கும் விதம் அவர் எந்த ஆட்டத்தில் பழகினார் என்பதைப் பொறுத்தது. மூணு சீட்டு ஆடி வளர்ந்தவருக்கு ஜோடி பெரிய விஷயம். மொத்தம் 22,100 கைகளில் ஜோடி வருவது 3,744 தடவை, ஆறு கைக்கு ஒன்று. மூன்றும் ஒரே எண்ணாக வருவது 52 தடவைதான், 425 கைக்கு ஒன்று. அங்கே பிறகு வந்து சேர எதுவும் இல்லை, விழுந்தது விழுந்ததுதான். எனவே ஜோடி கண்டவுடன் பணத்தை ஏற்றுவதில் தவறில்லை. அதே பழக்கத்தோடு போக்கருக்கு வருகிறவர் நான்கு ஜோடியை வைத்துக்கொண்டு கடைசிவரை போய்க் காசைத் தொலைக்கிறார்.

ரம்மி பழகியவர் அப்படி இல்லை. 13 சீட்டில் இரண்டு நான்கு இருந்தால் அதை முடிந்த காரியமாக அவர் நினைப்பதே இல்லை. மூன்றாவதுக்கு இடம் வைத்துக்கொண்டே, வராவிட்டால் எப்போது கழிப்பது என்றும் பார்த்துக்கொண்டிருப்பார். கை மொத்தமும் மோசமென்றால் ஸ்கூட். 101 ஆட்டத்தில் முதலிலேயே விட்டால் 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை. விடுவதற்கு ஒரு விலை உண்டு, அது சின்ன விலை, சீக்கிரம் கொடுத்தால் இன்னும் சின்ன விலை என்ற பாடம் ரம்மியில் புள்ளிக் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. சின்ன ஜோடியைப் பதறாமல் ஆடுகிறவர்கள் என்று நான் கண்டவர்கள் அநேகமாக ரம்மி வழியாக வந்தவர்கள்தான்.

ஒரு கையை முழுதாகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு வீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்து பேர். செல்போனில் போக்கர் கற்று, அந்தச் செயலிகள் மூடியபின் சிப்ஸ் பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டவர்கள். சீட்டு வருமுன்பே இருவர் வைக்க வேண்டிய பிளைண்ட் 5, 10 ரூபாய். வந்தவுடன் ஆளுக்கு 800 ரூபாய். ராணிப்பேட்டையிலிருந்து தோல் கெமிக்கல் விற்க வரும் ஏஜென்ட் ஒருவர், நடுவயது, 40 ரூபாய்க்கு ஏற்றினார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞன் 40 போட்டான். அவனிடம் நான்கு ஜோடி. மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள். நடுவில் 95 ரூபாய்.

திறந்த மூன்று சீட்டு: ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஒன்பது, இஸ்பேட் நான்கு.

அந்த இளைஞன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் சிப்ஸ் அடுக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் 60 போட்டார், அவனும் போட்டான். நான்காவது சீட்டு ஒரு இரண்டு, யாருக்கும் உதவாதது. ஏஜென்ட் 150. அவன் 400 என்றான். ஏஜென்ட் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ராஜா வெச்சிருக்கியா தம்பி?”

“பார்த்துடுங்கண்ணே.”

மிச்சமிருந்த 550ஐயும் அவர் உள்ளே தள்ளினார். அவனும் தள்ளினான். 1,615 ரூபாய். அவரிடம் இரண்டு ஏஸ். ஐந்தாவது சீட்டு ஒரு ஏழு, அது அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரெண்டு ஏஸ் வெச்சிக்கினு எப்படிப்பா விடறது?” என்றார்.

மேஜையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வி என்றே அவர்களுக்குப் பட்டது.

இப்போது அந்த 40 ரூபாயின் கணக்கைப் பார்ப்போம். எட்டரைக்கு ஒன்று என்றால், ஒரு தடவை மூன்றாவது நான்கு வருவதற்குள் ஏழரை தடவை 40 ரூபாய் போய்விடும். 300 ரூபாய் நஷ்டம். ஆகவே வரும்போது சராசரியாக 300க்கு மேல் கிடைத்தாக வேண்டும். வந்தாலும் எப்போதும் கிடைத்துவிடாது. எதிராளி அப்போதே விட்டுவிட்டால் நடுவில் கிடக்கும் 95இல் தன் 40 போக 55தான் லாபம். இன்னும் மோசமான நேரமும் உண்டு: இருவரிடமும் ஜோடி இருக்கும்போது, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், இருவருக்குமே மூன்றாவது வந்துவிடும். அன்று நான்கு வைத்திருப்பவர் எல்லாவற்றையும் இழப்பார். இதையெல்லாம் சேர்த்துத்தான், போடும் தொகையைப் போல் 15 மடங்காவது, முடிந்தால் 20 மடங்கு எதிராளியின் முன்னால் இருந்தால் மட்டும் சின்ன ஜோடியோடு உள்ளே போ என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 40க்கு 800, சரியாக 20 மடங்கு. அந்த இளைஞன் செய்தது கணக்குப்படி சரி.

இனி வரப்போகும் பணத்தையும் சேர்த்து எண்ணுவதை ஆட்ட நூல்கள் இம்ப்ளைட் ஆட்ஸ் என்கின்றன. டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனால் அந்த வரப்போகும் பணம் எங்கிருந்து வருகிறது? நான்கு ஜோடியின் பலத்திலிருந்து வரவில்லை. “எப்படிப்பா விடறது?” என்ற அந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. ஏஜென்ட் விடத் தெரிந்தவராக இருந்திருந்தால், 400 என்று கேட்டவுடனே இரண்டு ஏஸையும் கவிழ்த்து வைத்திருந்தால், அவருடைய 550 ரூபாய் அவரிடமே இருந்திருக்கும். மேஜையில் எல்லோரும் அப்படி விடத் தெரிந்தவர்களாக இருந்தால் சின்ன ஜோடியை ஆடுவதே நஷ்டம். அதன் விலை முழுவதும் இன்னொருவரின் பிடிவாதத்தில் இருக்கிறது.

இப்படிப் பிடிவாதமாகக் கடைசிவரை பார்க்கிறவர்கள் எங்கே அதிகம்? பெரிய தொகை மேஜைகளில் குறைவு. அங்கே ஆடுகிறவர்கள் படித்து, பழகி வந்தவர்கள். சின்னத் தொகை மேஜையில்தான் பொழுதுபோக்காக வருகிறவர், மூணு சீட்டுப் பழக்கத்தில் வருகிறவர், போன வாரம் விட்டதைப் பிடிக்க வருகிறவர் எல்லோரும் உட்காருகிறார்கள். எனவே சின்ன ஜோடி நன்றாக லாபம் தரும் இடமும், இழப்பவருக்கு இழப்பு வலிக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. 800 ரூபாய் என்பது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணின் ஒருநாள் சம்பளத்தைத் தாண்டிய தொகை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆட்டத்தின் கணக்கே அப்படித்தான் விழுகிறது.

நேரில் ஆடும்போது இதற்கு இயற்கையாகவே ஒரு தடை இருந்தது. வீட்டு மேஜையில் மணிக்கு 30 கை போனால் அதிகம். இரண்டிலிருந்து ஆறு வரையான ஜோடிகளில் ஒன்று வருவது 44 கைக்கு ஒரு தடவை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதில் மூன்றாவது வருவது எட்டரைக்கு ஒன்று என்றால், பன்னிரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு தடவை. டேனரியில் ஒன்றரை ஷிப்டு. அத்தனை நேரம் யாரும் உட்கார முடியாது. சமையல் கூப்பிடும், பிள்ளை அழும், காலையில் வேலை இருக்கும்.

செல்போன் அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஒரே நேரத்தில் நான்கு மேஜை, மணிக்கு 300 கை என்றால் அதே காரியம் ஒன்றேகால் மணி நேரத்தில் நடந்துவிட்டது. சின்ன ஜோடிக்காரரின் பொறுமை என்று நாம் மெச்சுகிற குணத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. எதிரே இருந்தவருக்கோ யோசிக்கச் சில விநாடிகள் மட்டும். ஒவ்வொரு கையிலும் நிறுவனம் தன் கமிஷனை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபர் 1 முதல் உள்ளே செலுத்தும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. சின்ன மேஜைகளில் கமிஷனும் வரியும் சேர்ந்து மெலிந்த லாபத்தைத் தின்றுவிட, நன்றாக ஆடுகிறவர்கூட மேலும் மேலும் பலவீனமான எதிராளியைத் தேட வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் இது குறித்து நடந்த வழக்குகளைக் கவனமாகப் படித்திருக்கிறேன். 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கும் போக்கருக்கும் அவசரச் சட்டம் மூலம் தடை வந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு ரத்துசெய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022 ஜூனில் குழு அமைந்தது, அக்டோபரில் புதிய சட்டம் நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025 பிப்ரவரியில் இரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று மாநில விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் அத்தனையையும் தடைசெய்தது. முன்னணி நிறுவனங்கள் அந்த வாரமே கடையை மூடின.

இவ்வளவு வருடமும் வழக்கு ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: போக்கரில் திறமை உண்டா? உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலே சொன்ன கணக்கைத் தெரிந்தவர் தெரியாதவரைக் காலப்போக்கில் வெல்வார். ஆனால் நான்கு ஜோடியின் வழியாகப் பார்க்கும்போது, திறமை உண்டு என்ற பதிலே எனக்குக் கவலை தருகிறது. முழுக்க அதிர்ஷ்டமென்றால், கமிஷன் போக, பணம் இன்று ஒருவரிடமும் நாளை இன்னொருவரிடமுமாகச் சுற்றிவரும். திறமை இருப்பதால்தான் அது ஒரே திசையில் போகிறது. கணக்குத் தெரியாதவரிடமிருந்து தெரிந்தவரிடம், விட முடியாதவரிடமிருந்து காத்திருக்க முடிந்தவரிடம். திறமை என்பதை ஆட்டத்துக்குச் சாதகமான வாதமாக மட்டுமே நீதிமன்றத்தில் வைத்தார்கள். அந்தத் திறமை எதன் மீது வேலை செய்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கேட்டிருக்கலாம். திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் தோல்வியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வெற்றியைப் பற்றி எச்சரிக்கிறார். வெல்கிறவனைத்தான் முதலில் நிறுத்திப் பேசுகிறார்.

இந்த ஊர்களில் இதைப் பேசாமல் இருக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டியும் சற்றுத் தள்ளியும் கிடக்கும் ஊர்களின் தோல் வியாபாரத்தைப் பெரும்பாலும் நடத்திவந்தவை முஸ்லிம் குடும்பங்கள். மதுவையும் சூதையும் ஒருசேர விலக்கும் மார்க்கம் அவர்களுடையது. ஆனால் அவர்கள் தொழில் துணிச்சல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பச்சைத் தோல் மயிரோடு, உப்புப் போட்டு வருகிறது. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய பிறகுதான் உண்ணிக் கடியும் முள்கம்பிக் கீறலும் சூட்டுத் தழும்பும் கண்ணுக்குத் தெரியும். டிரம்மில் குரோமியம் ஏறி வெட் ப்ளூவாக வெளியே வந்து செலக்‌ஷன் மேஜையில் விரிக்கும்போதுதான் எத்தனை முதல் தரம், எத்தனை கழிவு என்று தெரியும். பணம் கொடுத்தது அதற்கெல்லாம் முன்பு.

சின்ன விலையில் உள்ளே போய், நல்லது வருமா என்று பார்ப்பதும் நான்கு ஜோடியும் ஒன்றுதானே என்று, நாற்பது ஆண்டுக்கு மேல் தோல் வாங்கிப் பழகிய பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை. “அது வேற, இது வேற. லாட் மோசமாப் போனா எனக்கு நஷ்டம். நல்லா வந்தா எனக்கு லாபம், வித்தவனுக்கும் அவன் காசு வந்துடுச்சு. யாரும் அழுவலையே. உங்க ஆட்டத்துல நீ சிரிக்கணும்னா எதிர்ல ஒருத்தன் அழுவணும்” என்றார்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. தோல் செருப்பாகும்போது முன்பில்லாத மதிப்பு ஒன்று உண்டாகிறது. சீட்டு மேஜையில் எதுவும் உண்டாவதில்லை, பணம் கைமாறுகிறது, அவ்வளவே. ஆனாலும் யாரும் அழவில்லை என்ற இடத்தில் என்னால் அவரோடு நிற்க முடியவில்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பில், டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்த வழக்கில்தான். அந்த நிலத்துக்காரர்கள் எந்தத் தோல் பேரத்திலும் உட்கார்ந்தவர்கள் இல்லை. போக்கரில் இழப்பவராவது தானாக வந்து உட்கார்ந்தவர் என்று ஒருவர் வாதாடலாம். அந்த வாதத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை, ஏனென்றால் உட்காருவது தன் விருப்பம், எழுந்திருப்பது எல்லோருக்கும் அப்படி இல்லை.

இதைத் தொழிலிலும் பார்த்தோம். இணைய ஆட்டங்கள் மூடியதற்கு அடுத்த வாரம், 2025 ஆகஸ்ட் 27 அன்று, இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிகள் பலவற்றுக்கு அமெரிக்கா முக்கியமான சந்தை. கையிருப்பு உள்ளவர் ஆர்டரைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்க முடியும். மேல்தோல் மட்டும் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்காரர் அப்படிக் காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ கூலி கொடுத்தாக வேண்டும். விடுவதற்கும் கையில் பணம் வேண்டியிருக்கிறது.

சின்ன ஜோடியின் கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. எதிராளி முன்னால் 150 ரூபாய்தான் இருக்கிறதென்றால் 40 போட்டு உள்ளே போகாதே என்று அதே கணக்கு சொல்லிவிடுகிறது. நாலு மடங்குகூட இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்து நிற்பவரிடம் நான்கு ஜோடியை வைத்துப் பிடுங்க எதுவும் இல்லை, அவரை விட்டுவிடு என்கிறது. ஆனால் கணக்குக்குத் தெரிவது மேஜை மேல் இருக்கும் பணம் மட்டும். அது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 800 ரூபாய் அடுக்கு, சம்பளத்தில் மிஞ்சியதாகவும் இருக்கலாம், குழுவில் வாங்கிய கடனாகவும் இருக்கலாம். இரண்டும் 20 மடங்குதான். செல்போனில் எதிரே இருந்தது ஒரு புனைபெயரும் ஒரு தொகையும் மட்டுமே. அந்தத் தொகை தீர்ந்தால் மறுபடி நிரம்பியது. எத்தனை தடவை நிரம்பியது என்று கேட்க ஆளிருக்கவில்லை. அந்த மாடியில் ஐவருக்கும் ஐவரின் சம்பளம் தெரியும், யார் வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்று தெரியும்.

அதனால்தான் அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள்: ஒரு மாலைக்கு 800, அதோடு சரி. தீர்ந்தவர் மறுபடி பணம் எடுக்கக் கூடாது, வேண்டுமானால் சீட்டுப் போடலாம். ஏஜென்ட் இரண்டு ஏஸையும் கட்டுக்குள் செருகிவிட்டு, தானே கட்டை எடுத்துக் கலைக்கத் தொடங்கினார். இளைஞன் முன்னால் 1,615 ரூபாய், மற்ற மூவரில் இருவர் முன்னால் ஐநூறு, அறுநூறு. அந்த இருவரிடமும் இப்போது 40 ரூபாய்க்குப் பன்னிரண்டு, பதினைந்து மடங்குதான் எட்டும். அடுத்த அரைமணியில் அவனுக்கு ஆறு ஜோடி ஒன்று வந்தது. இருந்ததிலேயே சின்ன அடுக்குக்காரர் 40க்கு ஏற்ற, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.